ஊர்க்காலி அன்று உள்ளே இருந்தவர்

பர்மாவில், பசுண்டாங் ஓடையின் அந்தக் கரையில் நிலம் கறுப்பாக இருக்கும். அரிசி மில்லின் கொதிகலனில் உமியை எரித்து எரித்து, சாம்பலை மில்லுக்குப் பின்னால் கொட்டிக் கொட்டி, மண்ணே தெரியாமல் போன கரை அது. மழைக்காலத்தில் சாம்பல் மேடுகள் ஊறிக் குழைந்து நிற்கும். கோடையில் காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் நிறம் மாறும். அந்த மேடுகளுக்கும் மில்லுக்கும் நடுவே, செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை அறைகள். அதற்கு லைன் என்று பெயர். நெல் காயப்போடவும் மூட்டை தூக்கவும் கொதிகலனுக்கு உமி தள்ளவும் கப்பலேறி வந்தவர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்து முதலாளி கட்டிப் போட்டது. பிறகு முதலாளிகள் மாறினார்கள். மில்லை அரசாங்கம் எடுத்தது, அரசாங்கமே விற்றது. லைனில் மட்டும் அதே குடும்பங்கள் அதே அறைகளில் இருந்துகொண்டிருந்தன.

சத்யபாமா ஆற்றோர ஊரான கியாக்தானில் பிறந்து, இந்த லைனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மறுவாரமே நெல் களத்தில் இறங்கினாள். ஆவியில் வெந்து வரும் நெல்லை வெயிலில் பரப்பி, காலாலேயே கோடு கோடாகக் கிண்டிவிடும் வேலை. பாதம் முதலில் கொப்பளித்தது, பிறகு மரத்துப்போனது. கணவன் ராஜரத்தினம் கொதிகலன் வாயில் உமி தள்ளினான். அந்தத் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது. இப்போது அவனால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு நின்றுவிடும். உமி அடைத்த சாக்கு ஒன்றைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, இரவும் பகலும் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பேச்சு என்று வருவது ஒரு காற்று, அவ்வளவுதான். மகன் தமிழ்மணி, ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் சட்டம் வந்த உடனே தாய்லாந்துப் பக்கம் போனான். எப்போதாவது போன் வரும், கரண்ட் இல்லாத நாளில் அதுவும் வராது.

மில் நின்ற பிறகு சத்யபாமா விடியற்காலையில் பட்டாணி அவித்துத் தட்டில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றாள். பிழைப்பு எப்படியோ ஓடியது. தலைக்கு மேல் அந்தத் தகரக் கூரை இருந்ததால் ஓடியது.

மில் நிலத்தை வாங்கிய கம்பெனி அங்கே கிடங்கு கட்டப் போகிறது என்ற பேச்சு தைப்பூசம் முடிந்ததும் கிளம்பியது. பிறகு கம்பெனியின் மேனேஜரே ஒருநாள் வந்து, மில் வாசலில் நின்று பர்மியில் சொன்னார். லைனில் குடியிருப்பவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில், தகோன் செய்க்கானில், மாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு அறை உண்டு. ஆனால் பூட்டிப் போட்டுவிட்டு மலேசியா போனவன், வேறெங்கோ இருந்துகொண்டு பேருக்கு அறை வைத்திருப்பவன், இவர்களுக்குக் கிடையாது. சித்திரையில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் ஆட்கள் வந்து கதவு கதவாகப் பார்ப்பார்கள். ஆள் இருந்தால் அறை. ஆள் இல்லையென்றால் கதவில் சிவப்பு.

"எந்த நாள், சயா?" என்று யாரோ கேட்டார்கள். சயா என்றால் பர்மியில் ஐயா. மேனேஜர் சிரித்தார்.

"நாள் சொன்னால், இல்லாத மாமன் மச்சானெல்லாம் அன்றைக்கு வந்து உட்கார்ந்திருப்பான்."

அதுவும் நியாயம்தான் என்று லைன்காரர்களே தலையாட்டினார்கள். சத்யபாமா மட்டும் விரலில் நாளை எண்ணினாள். பங்குனி மூன்றாம் ஞாயிறு ஊர்க்காலி.

ஊர்க்காலி என்பது அந்த லைனுக்கே உரிய வழக்கம். எப்போதோ பிளேக் வந்து வரிசையாக அறைகள் காலியான காலத்தில், மிச்சம் இருந்தவர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்களாம். வருஷத்துக்கு ஒருநாள் பொழுது விடிவதற்கு முன் அடுப்பை அவித்து, கதவைச் சாத்தி, வேப்பிலை செருகி, மனுஷன், கோழி, நாய் எல்லாரும் லைனை விட்டு வெளியேறிவிட வேண்டும். சாம்பல் மேட்டுக்கு அப்பாலுள்ள திடலில் பொங்கிச் சாப்பிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் திரும்ப வேண்டும். அன்று பகல் முழுக்க அம்மன் தனியாக லைனுக்குள் நடப்பாள். மனித மூச்சு எதிரே பட்டால், விட்டுவிட்டுப் போன நோயைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரையும் கட்டிலோடு தூக்கிப் போவார்கள்.

கோயில் பொறுப்பு பிரேம்நாத்திடம் இருந்தது. தச்சு வேலைக்காரர், குரல் பெரிது. சத்யபாமா அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இந்த வருஷம் ஊர்க்காலிய தண்ணித் திருவிழாவுக்கு அப்புறம் வச்சுக்கலாமா? அன்னைக்கே அவங்க வந்துட்டா என்ன பண்றது?"

"ஞாயித்துக்கிழமை எந்தக் கம்பெனிக்காரன் வேலை செய்றான்?"

"அவங்களுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது, அண்ணே."

"மில்லு போச்சு. புள்ளைங்க போச்சு. இருக்கிறது அவ ஒருத்தி. அவளையும் தேதி மாத்தி வான்னு சொல்லணுமா? எங்கம்மா இடுப்பு வலியோட திடலுக்குப் போனவ. நான் சாம்பல் மேட்டுக்குப் பின்னாடி பொறந்தவன், தெரியுமில்ல?"

"அதான் இன்னும் மூஞ்சி வெளுக்கல," என்றாள் அடுத்த அறை தைலம்மாள், குழாயடியில் இருந்து. எல்லாரும் சிரித்தார்கள். சத்யபாமாவும் சிரித்தாள். ஆனால் பேச்சு அத்தோடு முடிந்துபோனது.

அவளுக்கு அம்மனிடம் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் போன வருஷம் ராஜரத்தினத்தைக் கட்டிலோடு திடலுக்குத் தூக்கிப் போனபோது, சாம்பல் காற்றில் அவன் உதடு நீலமாகிப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். அறை போய்விட்டால் ஓலைக் குடிசையோ மேம்பாலத்தடியோதான். அங்கே அவன் ஒரு மழைக்குத் தாங்க மாட்டான். அம்மன் மன்னிப்பாள், கம்பெனி மன்னிக்காது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அவனை உள்ளேயே விட்டுவிடுவது. லைனுக்குத் தெரியாமல்.

முதல் நாள் சாயங்காலமே தைலம்மாளிடம் சொல்லிவைத்தாள். "எங்கண்ணன் வந்து இவர கியாக்தானுக்குக் கூட்டிட்டுப் போறாருக்கா. விடியறதுக்கு முன்ன சைக்கா வண்டி வருது."

"நல்லதாப் போச்சு. ஆத்துக் காத்தாச்சும் படட்டும்," என்றாள் தைலம்மாள். அவள் சந்தேகப்படாதது சத்யபாமாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விடிவதற்கு முன் அடுப்பை அவித்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் தட்டையும் கரண்டியையும் வைத்தாள். காதருகே குனிந்து சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. வெளியில பூட்டிட்டுப் போறேன். யாராச்சும் தமிழ்ல கூப்புட்டா மூச்சு விடாதீங்க. நம்மாளுங்க யாராச்சும் சாமானை மறந்துட்டுத் திரும்பி வந்திருப்பாங்க. பர்மியில கூப்புட்டா கம்பெனிக்காரங்க. தட்டைத் தட்டுங்க. ஆள் இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். புரியுதா?"

அவன் தலையை ஆட்டினான். பிறகு அந்தக் காற்றுக் குரலில், "அம்மன் எந்த பாஷையில கூப்புடுவா?" என்றான். இத்தனை நோயிலும் கேலி போகவில்லை. அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

திடலில் அன்று அவள் பொங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. சாம்பல் மேட்டின் ஓரத்துக்கு நடப்பதும் திரும்புவதுமாக இருந்தாள். மேடு மறைத்ததில் மில் வாசல் தெரியவில்லை, தகரக் கூரையின் முகடு மட்டும் வெயிலில் வெள்ளையாகக் கொதித்தது. பம்பைச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. ஒருமுறை மேட்டில் பாதி ஏறிவிட்டாள். பிரேம்நாத் கீழிருந்து, "ஏம்மா, அங்க என்ன வேடிக்கை? எறங்கு" என்று அதட்டினார். இறங்கி வந்தாள்.

விளக்கு வைத்து, கரகம் முன்னே போக, கூட்டம் லைனுக்குத் திரும்பியது. முன்னால் போன பெண் நின்றுவிட்டாள். அவள் முதுகில் இடித்துக்கொண்டு மற்றவர்களும் நின்றார்கள். விளக்கைத் தூக்கிக் காட்டினார்கள். முதல் கதவில் வேப்பிலைக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. அடுத்த கதவிலும் இருந்தது. வரிசை முழுக்க, முதுகுப் பக்கத்து வரிசையிலும் முழுக்க, ஒரு கதவு மிச்சமில்லாமல்.

யாரோ ஒருத்தி கதவிலேயே தலையை முட்டிக்கொண்டாள். பம்பைக்காரன் பம்பையைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

சத்யபாமா தன் கதவுக்கு ஓடினாள். அதிலும் சிவப்பு. பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறை உலைபோல இருந்தது. ராஜரத்தினம் நனைந்த துணிமாதிரி சாக்கில் சாய்ந்திருந்தான். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"வரலையா யாரும்?"

"வந்தாங்க."

"பின்ன ஏன் தட்டல?"

அவன் மூச்சை இழுத்து, விட்டு, இழுத்து, சொன்னான். "தமிழ்ல கூப்புட்டான். உள்ள யாராவது இருக்கீங்களா, பயப்படாதீங்கன்னான். நம்ம பையன் எவனோன்னு... நான் மூச்சு கூட விடல, சத்யா."

சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துச் சுவரில் தைலம்மாள் இருந்தாள். சத்தம் போய்விடக் கூடாது.

மறுநாள் போட்டாதாங்குக்குப் போனாள். ஜெட்டிக்கு எதிரே ஒரு கிடங்கின் மாடியில் கம்பெனி இருந்தது. அங்கே வேலை செய்யும் கணேஷ்குமார் லைனில் பிறந்தவன்தான். சின்ன வயதிலேயே அவன் அப்பா குடும்பத்தோடு டவுனுக்குப் போய்விட்டதால், ஊர்க்காலி நாள் அவனுக்கு நினைவில் இல்லை. இவளைப் பார்த்ததும் வெளியே வந்தான், படிக்கட்டில் நிறுத்திப் பேசினான். தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்; அக்கா என்பதற்குப் பர்மிய 'மா'தான் வாயில் முதலில் வந்தது.

"மா சத்யா... அக்கா, நான்தான் வந்தேன். நான்தான் கூப்புட்டேன். பர்மியில கூப்புட்டா பட்டாளத்துக்கு ஆள் புடிக்கிற வார்டு ஆளுங்க, ராத்திரி செக்கிங் ஆளுங்கன்னு உள்ள ஒளிஞ்சுக்குவாங்க இல்ல? அதான் தமிழ்ல. ஒவ்வொரு கதவும் தட்டினேன், அக்கா. காலி லைன்ல கத்துறேன்னு கூட வந்தவன் சிரிச்சான்."

சத்யபாமாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டியது, தட்டு வைத்தது, எந்தப் பாஷைக்கு என்ன செய்யச் சொன்னாள் என்பது. கணேஷ்குமார் கேட்டுக்கொண்டே வந்தவன், கடைசியில் நெற்றியில் கைவைத்துக்கொண்டான்.

"அம்மாடி," என்றான். "நாளன்னைக்கு சயா லைனுக்கு வர்றாரு. பிரேம்நாத் மாமா பேசணும்னு கேட்டிருக்காரு. நான் சொல்றேன். உங்களுக்காவது கிடைக்கட்டும்."

"நீ ஒன்னும் சொல்லாதே," என்றாள் சத்யபாமா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் புரிந்தது. சொன்னால் லைனுக்குத் தெரிந்துவிடும்.

லைனிலோ, பிரேம்நாத் நல்லதொரு வழி கண்டுபிடித்திருந்தார். "எல்லாரும் ஒரே சொல்லு. அன்னைக்கு ஒரு உசிரும் உள்ள இருக்கக் கூடாது, அது எங்க மதம். காலி பண்ணிட்டுப் போகல, சாமிக்கு வழி விட்டோம். அவரும் சாமி கும்புடறவர்தான். புரியும். மறுபடி வந்து பாருங்கன்னு கேப்போம்." அதில் நியாயம் இருந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக லைனில் அடுப்பு புகைந்தது.

மேனேஜர் வந்தார். கோயில் முன்னால் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். கணேஷ்குமார் பக்கத்தில் நின்றான். பிரேம்நாத் தன் பெரிய குரலைச் சின்னதாக்கிக்கொண்டு, நல்ல பர்மியில், பிளேக்கிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். மேனேஜர் அவசரப்படாமல் கேட்டார். டீயைக் குடித்தார். கதவுகளில் வாடித் தொங்கிய வேப்பிலையை எட்டிப் பார்த்தார்.

"ஒருவரும் இருக்கக் கூடாதா? நோயாளி கூட?"

"நோயாளி கூட, சயா. தொட்டில் பிள்ளை கூட. இத்தனை வருஷத்தில் ஒருவர் இருந்ததில்லை."

மேனேஜர் தலையை மெல்ல ஆட்டினார். கூட்டத்தில் ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அப்போதுதான் கணேஷ்குமார், இதற்குமேல் அடக்க முடியாதவனைப் போல, குனிந்து மேனேஜரின் காதில் ஏதோ சொன்னான். அவள் வேண்டாம் என்று சொன்னதை அவன் கூச்சம் என்று எடுத்துக்கொண்டிருந்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

மேனேஜர் நிமிர்ந்து, பெரிய பெண்களைக் கூப்பிடும் பர்மிய மரியாதையோடு கேட்டார். "டோ சத்யபாமா யார்?"

அவள் முன்னால் வந்தாள்.

"உங்கள் கணவர் அன்று அறைக்குள் இருந்தார் என்கிறான் இவன். உண்மையா?"

பிரேம்நாத் சிரித்தேவிட்டார். "அவர் கியாக்தான் போயிருந்தார், சயா. லைனுக்கே தெரியும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. தமிழில், தாழ்ந்த குரலில், "இல்லேன்னு சொல்லும்மா" என்றார். "ஒரு வார்த்தை. எல்லாருக்கும் கெடைக்கும்."

கிடைக்குமா? மேனேஜர் தலையாட்டினார், அவ்வளவுதான். மறுபடி வருகிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. இவள் இல்லை என்று சொல்லி, அவரும் யாருக்கும் அறை இல்லை என்று சொல்லிவிட்டால்? சத்யபாமாவின் கண்ணெதிரே தைலம்மாள் நின்றாள், பம்பைக்காரன் நின்றான், குழாயடியில் தினம் பார்க்கிற முகங்களெல்லாம் நின்றன. கண்ணுக்கு எதிரே இல்லாதவன் ஒருவன் சாத்திய கதவுக்குப் பின்னால் சாக்கில் சாய்ந்து, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.

"இருந்தாரு, சயா," என்றாள்.

"கூப்பிட்டபோது ஏன் குரல் கொடுக்கவில்லை?"

"நான்தான் தமிழ்ல கூப்புட்டா பேசாதீங்கன்னு சொன்னேன். இவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

மேனேஜர் அவளுடைய அறைக்கு நடந்தார். கதவைத் திறந்து, உள்ளே இருந்தவனைப் பார்த்தார். அந்த நிலையில் இருப்பவன் எங்கும் போய்வந்திருக்க முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. வெளியே வந்து, பையன் ஒருவனிடம் மண்ணெண்ணெய்த் துணி வாங்கி, அந்தக் கதவின் சிவப்பை அழிக்கச் சொன்னார். பிறகு பிரேம்நாத்தைப் பார்த்துச் சொன்னதில் கடுமை கூட இல்லை.

"இருக்க நினைத்தவர் இருந்திருக்கிறார். மற்றவர்கள் போயிருக்கிறீர்கள். உங்கள் மதத்தில் நான் தலையிடவில்லை."

அதற்குப் பிறகு லைனில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழாயடிக்கு அவள் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு வழி விட்டார்கள். அம்மனுக்கு வழி விட்டது போலவே விட்டார்கள். பிரேம்நாத் கோயில் சிலையைத் துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு எங்கோ மச்சினன் வீட்டுக்குப் போனார். ஒரு குடும்பம் லான்மடாவில் ஒரு கடையின் பின்கட்டுக்குப் போனது, ஒரு குடும்பம் போன இடம் தெரியவில்லை. காலியான அறைகளின் தகரத்தைக் கம்பெனி ஆட்கள் அன்றன்றே உரித்தார்கள்.

சத்யபாமா கிளம்பும் நாளில் கணேஷ்குமார் சின்ன லாரி ஒன்று கொண்டுவந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாமானை ஏற்றினான். ராஜரத்தினத்தை நாற்காலியில் வைத்துத் தூக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. லைனில் மிச்சம் இருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். தைலம்மாள் மட்டும் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள். அவள் கூரையை மறுநாள் உரிக்கப் போகிறார்கள். நெடுநேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏன்டி, அன்னைக்குப் பகல் பூரா உள்ள வச்சுப் பூட்டினியே. தண்ணி வச்சியா அந்த மனுஷனுக்கு?"

சத்யபாமா வாயைத் திறந்தாள். தட்டு வைத்தது ஞாபகம் இருந்தது, கரண்டி வைத்தது ஞாபகம் இருந்தது.

"வைக்கல, இல்ல?" என்றாள் தைலம்மாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்டி, யார்கிட்டயும்." சொல்லிவிட்டு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

தகோன் செய்க்கானில் அந்தக் கட்டடம் வெட்டவெளியில் நின்றது. சுற்றிலும் வெடித்த களிமண் நிலம், தூரத்தில் வேறொரு தொழிற்சாலையின் சுவர். மரம் என்று ஒன்றில்லை. அவர்களுக்குக் கிடைத்தது உச்சி மாடி அறை. லிப்ட்டுக்கு விட்ட இடத்தில் இருட்டும் சிமெண்ட் மூட்டைகளும்தான் இருந்தன. கணேஷ்குமார் முன்பக்கம் தூக்க, இரண்டு பெண்களும் பின்பக்கம் தாங்க, முதல் மாடி ஏறினார்கள், இரண்டாவது ஏறினார்கள். அங்கே ராஜரத்தினம் கையைத் தூக்கினான். இறக்கி வைத்தார்கள். அவன் மூச்சு, கொதிகலன் அணையும்போது வரும் சத்தம்போல விட்டுவிட்டு வந்தது. உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணால் மேலே காட்டி, எவ்வளவு என்று கேட்டான்.

"வந்துட்டோங்க. இன்னும் கொஞ்சம்தான்," என்றாள் சத்யபாமா.

இந்தப் படிகளில் இனி அவன் ஒருநாளும் இறங்கப் போவதில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது, அவனுக்கும்தான். தைலம்மாள் தோள் துண்டை எடுத்து அவனுக்கு விசிறினாள். சத்யபாமா அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு உன் சாமானையும் எடுத்துட்டு இங்கயே வந்துடுக்கா."

"கம்பெனிக்காரன் வந்து கதவைத் தட்டினா?"

தைலம்மாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"மொதல்ல இவரைத் தூக்கு," என்றாள்.